விண்கலம் ரோபோவா மாறுற சின்ன பொம்மை: நாலு வழி இருக்கு, எதை வாங்குறது?

மீன்பிடித் தடைக்காலமும் ஸ்கூல் லீவும் ஒண்ணா வர்ற ஊரு நம்மூரு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், கையில காசு ஓட்டம் கம்மி, புள்ளைக பகல் முழுக்க வீட்டுல. சொந்தக்காரங்க வந்தா பேக்கரும்பு கலாம் நினைவிடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம், அங்க ராக்கெட்டைப் பாத்துட்டு வந்த பயலுக்கு அன்னைக்கு சாயங்காலமே ராக்கெட்டு வேணும், சும்மா ராக்கெட்டு பத்தாது, அது ரோபோவா மாறணும். அப்பத்தான் கேப்பாக, "தம்பி, ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் நூறு நூத்தம்பதுக்கு ஒண்ணு தொங்குது, ஆன்லைன்ல அதே மாதிரி ஒண்ணு ஆயிரத்து சொச்சம் போட்டிருக்கான், ரெண்டும் ஒண்ணு தானே?"

ராமநாதபுரத்துல செல்ஃபோன் சர்வீஸ் பாக்குறவன் நான். சின்ன ஸ்க்ரூ டிரைவர் என்கிட்ட இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக ஊருல ஒடஞ்ச பொம்மை பூராம் என் டேபிளுக்குத் தான் வரும். அந்த அனுபவத்துல சொல்றேன், ரெண்டும் ஒண்ணு இல்ல. அதுக்காக ஆயிரத்து சொச்சம் குடுத்துட்டா நிம்மதின்னும் கிடையாது, சில வீட்டுக்கு அது வீண் செலவு.

இங்க நான் பேசுறது உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸ், ரோபோவா நிக்கும்போது 8-ல இருந்து 10 சென்டிமீட்டர் உயரம் வர்றது. பெரிய சைஸ் கதை வேற.

வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்

முக்கியமா ஜாயிண்ட். கை, கால், இறக்கை எல்லாம் உடம்போட எப்படி சேந்திருக்குன்னு பாருங்க. ரெண்டு வகை உண்டு. ஒண்ணு பால் ஜாயிண்ட், ஒரு உருண்டை ஒரு குழிக்குள்ள டப்புன்னு உக்காந்திருக்கும். இன்னொண்ணு பின் ஜாயிண்ட், ஒரு சின்ன இரும்புக் கம்பியை பிளாஸ்டிக்குக்கு நடுவுல அடிச்சு எறக்கியிருப்பான். பால் ஜாயிண்டை புள்ளை முறுக்கி இழுத்தா கை கழண்டு வரும், திருப்பி அமுக்குனா உக்காந்துக்கும், முடிஞ்சுச்சு. பின் ஜாயிண்டை அப்படி இழுத்தா கம்பியைச் சுத்தியிருக்க பிளாஸ்டிக் வெள்ளைக் கோடு விழுந்து, நாலு நாள்ல பொளந்துக்கும், அதை ஃபெவிக்விக் போட்டு ஒட்டுனா ஜாயிண்டே அசையாம கல்லாகிடும். என் டேபிளுக்கு வர்றதுல பாதிக்கு மேல இந்தக் கேஸு தான். அதனால நான் யாருக்கு சொன்னாலும் முதல்ல சொல்றது இதைத்தான்: சின்ன புள்ளைக்கு வாங்குற பொம்மை கழண்டு வரணும், ஒடையக் கூடாது.

அடுத்தது எத்தனை ஸ்டெப்புல மாறுதுன்னு. ஒரிஜினல் பெட்டியில பல நேரம் அதையே நம்பராப் போட்டிருப்பான். ஆறு வயசுப் புள்ளைக்கு பத்துக்கு மேல போனா அப்பா தான் உக்காந்து மாத்திக் குடுக்கணும், அப்பாவுக்கு ரெண்டு நாள்ல சலிச்சிரும், அப்புறம் அந்தப் பொம்மை ரோபோவாவே நின்னுபோயிரும், விண்கலத்துக்கு குடுத்த காசு தண்டம்.

விண்கலமா இருக்கும்போது விண்கலம் மாதிரி இருக்கான்னும் பாக்கணும். சின்ன சைஸ்ல நெறைய டிசைன் ஏமாத்து வேலை தான். மேல விண்கலத்து ஓடு, கீழ பாத்தா ஒரு ரோபோ குப்புறப் படுத்திருக்கும், அம்புட்டு தான். கடையில வாங்குறதா இருந்தா கவுத்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்க. அதே மாதிரி மாத்தி முடிச்சதும் இறக்கையும் காலும் ஒண்ணுக்கொண்ணு மாட்டிக்கிற கொக்கி நிக்குதான்னு லேசா குலுக்கிப் பாருங்க, கொக்கி நிக்கலைன்னா புள்ளை பறக்க விடுறேன்னு கையில எடுத்த நிமிஷமே பிரிஞ்சு தொங்கும்.

அப்புறம் நம்ம கரைக்குன்னே இருக்குற விஷயம், உப்பு, மணல், வெயில். மதுரைக்காரன் இதைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல, நாம படணும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மாதிரி ரெண்டு பக்கமும் கடல் இருக்க ஊருல பொம்மைக்குள்ள இருக்க ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், பின் எல்லாம் அலமாரியில சும்மா இருந்தாலே துருப் பிடிக்கும். துரு ஏறுன பின் உப்பிக்கிட்டு ஜாயிண்டை இறுக்கும், புள்ளை பலம் போட்டுத் திருப்பும், டப்பு. ஆகையால இரும்பு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. வெள்ளி மாதிரி பளபளன்னு முலாம் பூசுனது வேண்டாம், உப்புக்காத்துல சீக்கிரம் உரியும். வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் ஓரம் வெயில்ல இருந்தா மஞ்சளாயிரும், விண்கலம்னாலே பாதிக்கு மேல வெள்ளைல தான் வருது, என்ன செய்ய.

கடைசியா பாதுகாப்பு. 2021 ஜனவரி 1-ல இருந்து இந்தியாவுல 14 வயசுக்கு உட்பட்ட புள்ளைகளுக்கு விக்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ மார்க் கட்டாயம். மார்க்குக்கு கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கும், அதை அரசாங்கத்தோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா அது நெசமான நம்பரான்னு தெரிஞ்சுரும். மூணு வயசுக்கு கீழ இருக்க புள்ளை வீட்டுல இருந்தா இந்த சைஸ் பொம்மையே யோசிச்சுத் தான் வாங்கணும், கழண்டு வர்ற கை நேரா வாய்க்குத் தான் போகும்.

1. கடை வாசல்ல தொங்குறது

அரண்மனை, சாலைத் தெரு, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் போற வழி, ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்துல போடுற கடைக, எல்லா இடத்துலயும் கெடைக்கும். அட்டையில பிளாஸ்டிக் குமிழி ஒட்டி, மேல ஏதோ ஒரு பேரு, வேற ஏதோ ஒரு ரோபோ படம். 100, 150-ன்னு சொல்லுவாக, பேசுனா எறங்கும்.

இதுல எல்லாமே மட்டம்னு சொல்ல மாட்டேன். சில பொம்மை பழைய காலத்து டிசைனையே பாத்து அடிச்சது, அந்தப் பழைய டிசைன் ரொம்ப சிம்பிள். 1982-ல ஜப்பான்ல மெஷின் ரோபோன்னு சின்னச் சின்ன ரோபோ வந்துச்சு, 1984-ல ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜப்பான் டகாராவோட பொம்மைகளை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ்னு பேரு வெச்சு வித்தாக, 1985-ல அதுலயே காஸ்மோஸ்னு பச்சைக் கலர்ல ஒரு குட்டிப் பறக்கும் தட்டு ரோபோ. காலை இழுத்து, கையை எடுத்து விட்டா முடிஞ்சுச்சு. அந்த மாதிரி ரெண்டு மூணு அசைவுல மாறுறது திருவிழாக் கடையில கெடைச்சா தைரியமா எடுக்கலாம். பிரச்சனை எங்க வருதுன்னா, இப்ப வர்ற கஷ்டமான டிசைனைப் பாத்து சின்னதாக்கி அடிக்கிறான் பாருங்க, அதுல தான். ஒரு பொம்மையை வெச்சு அதுலேருந்து அச்சு எடுத்தா அளவு கொஞ்சம் மாறும், அந்தக் கொஞ்சத்துலயே கொக்கி மாட்டாது, ஒரு கால் லூசு, ஒரு கால் டைட்டு.

மறைஞ்சிருக்க செலவு? ஒண்ணு ஒடைஞ்சா இன்னொண்ணு, அது ஒடைஞ்சா இன்னொண்ணுன்னு லீவு முடியிறதுக்குள்ள கூட்டிப் பாத்தா அடுத்து சொல்லப்போற ஒன் ஸ்டெப் பொம்மை விலையை நெருங்கிரும். இன்னொண்ணு தான் எனக்குப் பெரிய கவலை, லைட் எரியிற மாடல்ல இருக்க பட்டன் செல். மூடி ஸ்க்ரூ இல்லாம வெறும் கொக்கியில நிக்குறதை நெறைய பாத்திருக்கேன். பட்டன் செல்லைப் புள்ளை முழுங்கிட்டா, முக்கியமா அந்தப் பெரிய லித்தியம் காயின் செல், தொண்டைக் குழாயில சிக்குனா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிரும், காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். லைட் எரியிற மாடலே வேண்டாம்னு சொல்லிருங்க. செல் மூடி ஸ்க்ரூவுல இருந்தா மட்டும், அதுவும் பெரிய புள்ளைக்கு.

யாருக்கு சரி வரும்னா, பொம்மையைக் கடற்கரைக்குத் தான் எடுத்துட்டுப் போவான், மணல்ல புதைப்பான், அலையில விட்ருவான்னு தெரிஞ்ச வீட்டுக்கு. தனுஷ்கோடி அரிச்சல்முனைக் கடற்கரைக்கு ஆயிர ரூபா பொம்மையை யாரு கொண்டு போவா.

2. ஒன் ஸ்டெப், ரெண்டு ஸ்டெப்னு வர்றது

ஒரு பட்டனை அமுக்குனாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ படக்குன்னு ரோபோவா விரியும். பெரும்பாலும் அஞ்சாறு வயசுப் புள்ளைகளுக்குன்னு செஞ்சது. கம்பெனிப் பொருளும் இருக்கு, இந்தியாவுலயே அடிச்சு ஐஎஸ்ஐ போட்டு வர்றதும் இருக்கு.

சின்னப் புள்ளைக்கு இதை விட சந்தோஷம் எதுவும் இல்ல, நெசமா. யாரையும் கேக்காம அவனே மாத்துவான், மாத்துவான், மாத்திக்கிட்டே இருப்பான். துண்டு கம்மி, கழண்டு தொலையிறதும் கம்மி. ஆனா உள்ள ஸ்ப்ரிங் இருக்குல்ல, அங்க தான் நம்ம ஊரு உப்பு வேலையைக் காட்டும். ஸ்ப்ரிங் துருப் பிடிச்சா பாதியில நிக்கும், புள்ளை கையால விரிப்பான், உள்ள இருக்க பல்சக்கரம் தெறிச்சிரும். அதைப் பிரிச்சு சரி பண்ணலாம், ஆனா பல மாடல்ல ஸ்க்ரூவே இருக்காது, ரெண்டு ஓடையும் ஒட்டி அடைச்சிருப்பான், பிரிக்கவே முடியாது. வாங்கும்போது முதுகைத் திருப்பி ஸ்க்ரூ தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா ரிப்பேர் ஆகும்னு அர்த்தம்.

ரோபோவா நிக்கிறப்ப கை காலு அசையாது, பொம்மைச் சிலை மாதிரி நிக்கும். எட்டு வயசுக்கு மேல இருக்க பய இதை ஒரே நாள்ல தூக்கிப் போட்ருவான், என் மருமகப்பய அப்படித்தான், "இதுல என்ன மாமா இருக்கு"ன்னுட்டான். மணல் இதுக்கு ஆகவே ஆகாது, பல்சக்கரத்துக்குள்ள போனா கரகரன்னு சத்தம் கேக்கும்.

3. சின்ன சைஸ் ஒரிஜினல்

டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ல கோர் கிளாஸ்னு ஒரு சைஸ் உண்டு, சுமார் 9 சென்டிமீட்டர். அதுக்கு முன்னாடி லெஜண்ட்ஸ்னு வந்துச்சு. பெட்டியில 8 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், அதை மதிக்கணும். நெறைய ஜாயிண்ட் பால் ஜாயிண்ட், கழண்டா மாட்டிக்கலாம், பிளாஸ்டிக் கெட்டி, கொக்கி டக்குன்னு சத்தம் போட்டு உக்காரும். ஒரு பயலுக்கு மூளைக்கு வேலை குடுக்குற பொம்மைன்னா இது தான், முதல் தடவை பேப்பரைப் பாத்து மாத்துவான், அப்புறம் பேப்பர் இல்லாம, அப்புறம் எவ்வளவு வேகமான்னு தம்பி கூட போட்டி.

சரி, விலை ஏன் இப்படி? வெளிநாட்டுப் பொம்மைக்கு இருந்த சுங்கவரி 20 சதவீதம், 2020-ல அதை 60 ஆக்குனாக, 2023-ல 70 ஆக்கிட்டாக. அதுக்கு மேல ஐஎஸ்ஐ வாங்குற செலவு. அதனால நாலு விரல் உசரப் பொம்மை ஆயிரத்தைத் தாண்டுது. உள்ளூர்க் கடையில ரொம்ப அபூர்வம், ஆன்லைன் தான். ஆன்லைன்ல போட்டோ ஒண்ணு, வர்றது ஒண்ணுங்கிற கதை எனக்கே நடந்துச்சு, ஒரிஜினல்னு சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்புனது அச்சு அசல் காப்பி, பெட்டி கூட காப்பி. ஸ்க்ரூவுல பளபளப்பு அதிகமா இருந்துச்சு, ஜாயிண்டு எண்ணெய்ப் பசையா இருந்துச்சு, உள்கால்ல இருக்க வேண்டிய கம்பெனி எழுத்து இல்ல. அதனால விக்கிறவன் யாருன்னு பாத்து, திருப்பி அனுப்புற வசதி இருக்கான்னு பாத்து, பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுத்து வாங்குங்க. தீவுக்குள்ள இருக்க சில ஊருக்கு எல்லா கொரியரும் வீட்டு வாசலுக்கு வர மாட்டான், ராமேஸ்வரம் ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோம்பான், அந்த பஸ் காசும் அரை நாளும் கணக்குல வரணும்.

அஞ்சு வயசுப் புள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். வாங்குறது அப்பாவோட ஆசைக்குன்னா நேராச் சொல்லிட்டு வாங்கிக்கோங்க, தப்பே இல்ல, ஷெல்ஃப்ல கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சுக்கோங்க.

4. சபுருல (வெளிநாட்டுல) இருந்து வர்றது, கை மாறுனது

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடாவுல இருக்காக. லீவுக்கு வரும்போது காக்காவோ (அண்ணன்) மச்சானோ பெட்டியில ஒரு பொம்மையை வெச்சுருவாக. என்னைக் கேட்டா, நெசமான நல்ல பொம்மையைக் கம்மிக் காசுல வாங்க இது தான் லேசான வழி, ஏன்னா நம்ம ஊரு வரி அங்க இல்ல. வாங்கியாரச் சொல்லும்போது "ரோபோ ஒண்ணு"ன்னு சொல்லாதீக, மாடல் பேரு, சைஸ், பெட்டி போட்டோ மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஒரு லாத்தா (அக்கா) சும்மா "கப்பல் ரோபோ"ன்னு சொல்லி விட்டு, வந்தது நெசமாவே கடல்ல போற கப்பல், புள்ளை அழுதுச்சாம்.

இதுல ஐஎஸ்ஐ இருக்காது, அங்க விக்கிற பொம்மைக்கு ஜி மார்க்னு ஒண்ணு உண்டு, வளைகுடா நாடுகளோட மார்க், அதைப் பாத்து வாங்கச் சொல்லுங்க. குறை என்னன்னா, ஒடைஞ்சாலோ தப்பா வந்தாலோ திருப்பிக் குடுக்க அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் ஒருத்தருக்கு வாங்கியாந்தா அந்தத் தெருவுல இருக்க மருமகப் புள்ளைக அத்தனைக்கும் வாங்கியாரணும், இது தான் மறைஞ்ச செலவுலயே பெரிய செலவு, பெட்டி எடையும் சேத்து.

இவங்க வீட்டுப் பெரிய பயலுக வெளாடி முடிச்சு பரண்ல போட்டதும் கைக்கு வரும். வாங்கலாம், ஆனா நாலு பாத்துக்கோங்க: பின் துரு, ஜாயிண்டைச் சுத்தி வெள்ளைக் கோடு, கண்ணாடி மாதிரி இருக்க பிளாஸ்டிக்ல கீறல், ஏதாச்சும் துண்டு குறையுதான்னு. ஜாயிண்ட் லூசா இருக்கிறது மட்டும்னா பயப்பட வேண்டாம், அந்த உருண்டை மேல கலர் இல்லாத நெயில் பாலிஷ் லேசா ஒரு கோட்டு, ராத்திரி பூரா காயவிட்டு மாட்டுனா பிடிச்சுக்கும். காயாம மாட்டுனா ஒட்டிக்கும், அவசரப்படக் கூடாது.

ஒரு பார்வையில

| | கடை வாசல் | ஒன் ஸ்டெப் | சின்ன ஒரிஜினல் | சபுரு / பழசு |
|---|---|---|---|---|
| வயசு | 5-க்கு மேல, பாத்து | 5, 6 | 8-க்கு மேல | மாடலைப் பொறுத்து |
| தானா மாத்துவானா | சிம்பிள் டிசைன்னா ஆமா | ஆமா | பழகுனா | மாடலைப் பொறுத்து |
| உப்பு, மணல் | போனா போகட்டும் | ஸ்ப்ரிங் போயிரும் | தாங்கும், கழுவணும் | பின்னைப் பாக்கணும் |
| ரிப்பேர் | கஷ்டம் | ஸ்க்ரூ இருந்தா | லேசு | லேசு |
| மறைஞ்ச செலவு | திரும்பத் திரும்ப வாங்குறது | வயசு ஏறுனா சலிப்பு | காப்பி, கொரியர் அலைச்சல் | தெருவுக்கே வாங்கணும் |

அப்ப எந்த வீட்டுக்கு எது

புள்ளைக்கு அஞ்சு ஆறு வயசு, வீடு கடல்ல இருந்து கொஞ்சம் உள்ள, உச்சிப்புளி, ராமநாதபுரம் டவுன் மாதிரின்னா ஒன் ஸ்டெப், ஐஎஸ்ஐ பாத்து. அதே வயசு, ஆனா வீட்டு வாசலே மணல்னா ஸ்ப்ரிங் இல்லாத, ரெண்டு மூணு அசைவுல மாறுற சாதாரணப் பொம்மை. எட்டு வயசு தாண்டி, ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கிற புள்ளைன்னா காக்கா வர்ற வரைக்கும் பொறுத்து அங்க இருந்து ஒரிஜினல், வெளிநாட்டுல ஆள் இல்லைன்னா ஆன்லைன். தடைக்காலத்துல கையில காசு இல்லாதப்ப கடன் வாங்கி ஒரிஜினல் எடுக்காதீக, ஜூன் தாண்டட்டும், புள்ளை ரெண்டு மாசம் ஆசையா காத்திருந்து வாங்குனா பொம்மையைப் பத்திரமா வெச்சுக்கவும் செய்வான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருக்க வீட்டுல ஒரே ஒரு ஒரிஜினல் வாங்குறது வம்பு, நான் பஞ்சாயத்து பண்ண வர மாட்டேன்.

எதை வாங்குனாலும் கடல் தண்ணியில விழுந்துச்சுன்னா அன்னைக்கே கழுவிருங்க. போர் தண்ணியில கழுவாதீக, நம்ம போர் தண்ணியே உப்பு, கழுவுன மாதிரி இருக்கும், காஞ்சதும் வெள்ளையா பூத்துக்கும். குடிக்க வர்ற காவிரித் தண்ணி ஒரு கிண்ணத்துல எடுத்து, உள்ள போட்டு கை காலை அசைச்சு அசைச்சு அலசி, பழைய டூத் பிரஷால மணலைத் தட்டி, நெழல்ல காய வைங்க. தேங்கா எண்ணெய் போடாதீக, ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் மணலைப் பிடிச்சு வெச்சுக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விட்ரும். கார் டேஷ்போர்டுக்கு அடிக்கிற சிலிக்கான் ஸ்ப்ரே பஞ்சுல துளி எடுத்துத் தடவுனா போதும்.

கடையில நேர்ல வாங்குறவங்க, விக்கிறவரையே ஒரு தடவை மாத்திக் காட்டச் சொல்லுங்க. அவரால மாத்த முடியலைன்னா அடுத்த அட்டையை எடுக்கச் சொல்லுங்க, அதுவும் வரலைன்னா பேரம் பேசாம அடுத்த கடைக்கு நடங்க.